கே.பி. சுந்தராம்பாளின் ஔவை: மேடைப் பாடகியும் தகடூர் விறலியும்

கே.பி. சுந்தராம்பாள் (1908–1980) தமிழ் நாடக நடிகை, திரைப்பட நடிகை, பாடகி. காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்ததால் 'கொடுமுடி கோகிலம்' என்று அழைக்கப்பட்டார். ஸ்பெஷல் நாடக மேடையில் புகழ்பெற்று, 1935 முதல் திரைப்படங்களில் நடித்தார். அவர் நடித்த படங்கள் ஏறத்தாழ ஒரு டஜன் மட்டுமே. அவற்றுள் 1953-ல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட 'ஔவையார்' அவரது கலைவாழ்வின் உச்சமாகக் கருதப்படுகிறது. ஔவை என்றதும் இன்று தமிழர் மனதில் எழும் உருவம், அதாவது வெள்ளை உடை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கோல், கனத்த குரல், பெரிதும் சுந்தராம்பாள் அளித்தது.

சங்கப் பாடல்களில் வரும் ஔவையின் களம் தகடூர். இன்றைய தருமபுரியே அது. தகடூரின் ஔவைக்கும் திரையின் ஔவைக்கும் இடையே தொலைவு மிகுதி. அத்தொலைவைக் கடந்து சங்க ஔவையை நடித்துக் காட்டும் வாழ்வனுபவமும் கலைப்பயிற்சியும் கொண்ட ஒரு நடிகை அக்காலத் தமிழில் இருந்தார் என்றால் அவர் சுந்தராம்பாள்தான். அவருக்கு அந்த ஔவை அளிக்கப்படவில்லை. அவரது கலைவாழ்வை மதிப்பிடும்போது இந்த முரண் முக்கியமானது.

தகடூரின் ஔவை

அதியமான் நெடுமான் அஞ்சி தகடூரை ஆண்ட குறுநில மன்னன். தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் வழியிலுள்ள அதியமான்கோட்டை இன்றும் அவன் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1981-ல் கண்டறியப்பட்ட ஜம்பைத் தமிழி கல்வெட்டு, சதியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பாழி ஒன்றைக் குறிப்பிடுகிறது. அசோகரின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சொல்லப்படும் சதியபுத்திரர் யார் என்ற நெடுநாள் விவாதத்துக்கு இக்கல்வெட்டு விடையளித்தது. ஆகவே ஔவை பாடிய மன்னன் வெறும் கதைமாந்தன் அல்ல.

சங்கத் தொகைநூல்களில் ஔவையின் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் உள்ளவற்றில் பெரும்பாலானவை அதியமானையும் அவன் மகன் பொகுட்டெழினியையும் பற்றியவை. அவற்றில் தென்படும் பெண் மூதாட்டி அல்ல. 89-ஆம் பாடலில் பகை மன்னன் அவளை விறலி என்றே விளித்துக் கேள்வி கேட்கிறான். 95-ஆம் பாடலில் அவள் தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்த்து, புகழ்வது போலப் பேசி அவனை எள்ளுகிறாள். 206-ஆம் பாடலில் பரிசில் நீட்டித்த அதியமானின் வாயிற்காவலனிடம் சினந்து, இசைக்கருவிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். கலை தெரிந்தவருக்கு எந்தத் திசையிலும் உணவு உண்டு என்பது அவள் வாதம். 91-ஆம் பாடலில் சாவை நீக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் தனக்கு அளித்த மன்னனை வாழ்த்துகிறாள்.

அதியமானின் இறப்புக்குப் பின் பாடப்பட்ட 235-ஆம் பாடல் தமிழின் மிகச்சிறந்த கையறுநிலைப் பாடல்களில் ஒன்று. கள் சிறிதளவே இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், மிகுதியாக இருந்தால் நாங்கள் பாட உடன் மகிழ்ந்து உண்பான் என்று அவள் நினைவுகூர்கிறாள். அவன் மார்பைத் துளைத்த வேல் பாணர்களின் பாத்திரத்தையும் இரப்போர் கைகளையும் துளைத்து, புலவரின் நாவில் போய் விழுந்தது என்கிறாள். பாட்டைத் தொழிலாகக் கொண்டு நாடலைந்த ஒரு பெண், தன் கலையை முழுதாக அறிந்திருந்த ஒருவனை இழந்த துயரம் இது.

நீதிநூல்களை இயற்றிய ஔவை பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். சங்கப் புலவர், நீதிநூல் புலவர், விநாயகர் அகவலின் ஆசிரியர் எனக் குறைந்தது மூன்று ஔவைகளையேனும் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பிரித்துக் காண்கிறார்கள். மக்களின் கதைமரபு அனைவரையும் ஒரே கிழவியாக ஆக்கிவிட்டது.

ஸ்பெஷல் நாடக மேடை

சுந்தராம்பாள் வறுமையில் வளர்ந்தவர். தாய் பாலாம்பாள். குழந்தைப் பருவத்தில் ரயிலில் பாடிய அவரது குரலே அவரை நாடகத்துக்குக் கொண்டுசென்றது. வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்து, நல்லதங்காள் நாடகத்தில் பிள்ளை வேடத்தில் நடித்தார். பின்னர் இலங்கையில் நடித்துப் பெயர்பெற்றார்.

ஸ்பெஷல் நாடகம் என்பது நிலையான குழு இல்லாத நாடகமுறை. ஒவ்வொரு நடிகரும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்யப்படுவர். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து மேடையிலேயே சந்திப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களும் உரையாடல்களும் அனைவருக்கும் பாடம். ஆனால் அன்றிரவு எதிராளி எந்த ராகத்தை எடுப்பார், எந்தக் கேள்வியை வீசுவார் என்பது முன்கூட்டித் தெரியாது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசை வரை சொல் தெளிவாகச் சென்றாகவேண்டும். விடியும்வரை குரல் தாங்கவேண்டும். தர்க்கத்தில் தோற்றால் ரசிகர்கள் விடமாட்டார்கள்.

இந்த மேடை சுந்தராம்பாளுக்கு இரண்டு பயிற்சிகளை அளித்தது. ஒன்று, உச்ச ஸ்தாயியிலும் சொல் சிதையாமல் பாடும் முறை. ராகத்தை நீட்டும்போதும் அவர் பாடலின் பொருளைக் கைவிடுவதில்லை. இன்னொன்று, எதிரே நிற்பவர் யாராயினும் சமமாக நின்று விடைசொல்லும் தன்மை. பாடலும் வாதமும் ஒன்றேயாகும் இந்தக் கலைக்குச் சங்ககாலத்தின் விறலியும் பாணரும் தூரத்து முன்னோர் எனலாம். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற நாடக நடிகைக்கு, கருவிகளைச் சுருக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிய 206-ஆம் பாடலின் ஔவையைத் தனியாக விளக்கவேண்டியதில்லை.

அன்றைய சமூகம் மேடையேறிய பெண்ணைக் கொண்டாடியது, மதிக்கவில்லை. தருமபுரி உள்ளிட்ட வடதமிழகத்தின் தெருக்கூத்தில் பெண் வேடங்களை ஆண்களே கட்டிவந்தனர். பாய்ஸ் கம்பெனிகளிலும் அவ்வாறே. பெண் மேடையேறிய இடங்களில் 'நாடகக்காரி' என்ற சொல் வசைக்கு மிக அருகில் இருந்தது. சுந்தராம்பாளின் பிற்காலத் தேர்வுகளை இப்பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள முடியும்.

கிட்டப்பா

1920-களில் கொழும்பில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடிக்கும் வாய்ப்பு சுந்தராம்பாளுக்கு வந்தது. கிட்டப்பா அக்கால நாடக உலகின் இணையற்ற பாடகர். அவரோடு பாடினால் சுந்தராம்பாளின் பெயர் மங்கிவிடும் என்று எச்சரித்தவர்கள் உண்டு. மாறாக, இருவரும் ஒருவரையொருவர் மேலெடுத்துச் சென்றனர். 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்களில் அவர்கள் இணை தமிழகமெங்கும் புகழ்பெற்றது. 1927-ல் இருவரும் மணந்துகொண்டனர். கிட்டப்பா ஏற்கனவே மணமானவர். மணவாழ்க்கை பிரிவுகளும் மனத்தாங்கல்களும் நிறைந்ததாக இருந்தது. பிறந்த குழந்தையும் தங்கவில்லை.

1933 டிசம்பரில் கிட்டப்பா இளம்வயதிலேயே இறந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அதன்பின் அவர் வாழ்நாள் முழுவதும் வெள்ளை உடையே அணிந்தார். ஆண் நடிகருடன் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். காங்கிரஸ் மேடைகளில் தேசியப் பாடல்களைப் பாடினார். 1950-களில் சென்னை மாகாணச் சட்டமேலவை உறுப்பினரானார்.

இந்த உறுதியைப் பத்தினித்தன்மை என்று புகழ்வது எளிது. விதவைக்கோலத்தின் கொடுமை என்று சாடுவதும் எளிது. இரண்டுமே அதன் நடைமுறைப் பொருளைத் தவறவிடுகின்றன. காதல் நாயகி வேடத்தை மறுத்ததன் வழியாக அவர் மேடையை விட்டு விலகவில்லை. தனக்கான வேடங்களைத் தானே தேர்ந்தெடுக்கும் இடத்துக்குச் சென்றார். தன்மேல் படியும் பார்வையை மாற்றியமைத்தார். அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. அதை அவரது திரைப்படங்களில் காணலாம்.

நந்தனார் முதல் மணிமேகலை வரை

சுந்தராம்பாளின் முதல் படம் 'பக்த நந்தனார்' (1935). எம்.எல். டாண்டன் இயக்கினார். அதில் சுந்தராம்பாள் நந்தனாராக ஆண் வேடத்தில் நடித்தார். வேதியராக நடித்தவர் கர்நாடக இசைமேதை மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். படத்துக்காகச் சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் அளிக்கப்பட்டது நாடெங்கும் பேசுபொருளானது.

பெண் ஆண் வேடமிடுவது உலக நாடக மேடைக்குப் புதிதல்ல. பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார்ட் 1899-ல் ஹாம்லெட்டாக நடித்தார். தமிழ் நாடக மேடையிலும் ராஜபார்ட் வேடமிட்ட பெண்கள் இருந்தனர். மேடையின் தொலைவில் குரல் வேடத்தை நிறுவிவிடும். காமிரா அருகில் வந்து முகத்தைப் பார்க்கிறது. அங்கே அந்த ஒப்பந்தம் செல்லுபடியாவதில்லை. ஆனந்த விகடனில் விமர்சனம் எழுதிய கல்கி, படத்தில் பனைமரமும் எருமையும் ஆடும் வரும் பகுதிகளே சிறந்தவை என்ற வகையில் கேலி செய்தார். அந்தக் கேலியில் நியாயம் இருந்தது. நாடகத்தின் குரலுக்குத் திரையில் பொருந்தும் உடல் இன்னும் கண்டடையப்படவில்லை.

அடுத்த படமான 'மணிமேகலை' (1940) துறவு பூணும் நாட்டியப்பெண்ணின் கதை. இதிலும் சுந்தராம்பாள் காதலை மறுக்கும் பெண்தான். அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் அவர் திரையில் இல்லை.

ஔவையார் (1953)

ஔவையை முதலில் தமிழ் மக்களுக்குப் பெரிய அளவில் நடித்துக் காட்டியவர் ஓர் ஆண். டி.கே.எஸ். சகோதரர்கள் 1940-களில் மேடையேற்றிய 'ஔவையார்' நாடகத்தில் டி.கே. சண்முகம் ஔவையாக நடித்து, 'ஔவை சண்முகம்' என்றே பெயர்பெற்றார். சண்முகத்தின் வெற்றி வேடத்தின் வெற்றி. இளைஞரான ஓர் ஆண் கூன் விழுந்த கிழவியாகவே மாறிவிட்டார் என்பதுதான் ரசிகர்களின் வியப்பு.

எஸ்.எஸ். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய 'ஔவையார்' 1953-ல் வெளிவந்தது. இதில் சுந்தராம்பாள் வேறு வகையில் வென்றார். அவர் கிழவியாக மாற முயலவில்லை. தன் சொந்த வெள்ளை உடையோடும் சொந்தக் குரலோடும் வந்து நின்றார். 1935-ல் கிடைக்காத உடல் இப்போது கிடைத்தது. நாற்பத்தைந்து வயதில் இருந்த நடிகையின் பொது உருவமும் கதாபாத்திரமும் ஒன்றாகிவிட்டன. கணவனோ குடும்பமோ இன்றித் தனியாக வழிநடந்து, மன்னர் அவையில் அஞ்சாமல் பேசி, எளியவர் வீட்டில் கூழ் குடிக்கும் பெண் வேறு எந்தத் தமிழ்ப் படத்திலும் அதுவரை இந்த அளவில் வந்ததில்லை.

ஆனால் கதை எந்த ஔவையுடையது? மணத்தை மறுக்கும் இளம்பெண் விநாயகரை வேண்டி முதுமை பெறுகிறாள். இளம் ஔவையாக நடித்தவர் குசலகுமாரி. முதுமை வந்த கணத்திலிருந்து சுந்தராம்பாள் வருகிறார். பின்னர் தெய்வ அருளால் அற்புதங்கள் நிகழ்கின்றன. பாரி மகளிர் கதையும் வருகிறது. சங்கப் பாடல்களின்படி பாரி மகளிருக்கு மணமகன் தேடி அலைந்தவர் கபிலர். பிற்காலக் கதைமரபே அப்பொறுப்பை ஔவைக்கு அளித்தது. யானைக்கூட்டம் கோட்டையைத் தகர்க்கும் காட்சி வாசனுக்கே உரிய பிரம்மாண்டம். விறலியின் சொல்லுக்கு அரசர்கள் செவிசாய்த்த இடத்தில், பக்தையின் வேண்டுதலுக்குத் தெய்வம் செவிசாய்க்கிறது.

இந்த மாற்றத்தில் தகடூரின் ஔவை மறைந்துபோகிறாள். நண்பனோடு கள்ளருந்தியவளும், போரைத் தடுக்க எள்ளலை ஆயுதமாக்கியவளும், நண்பனின் சாவில் உலகமே வெறிச்சோடியதாக உணர்ந்தவளும் அங்கே இல்லை. பழி முழுவதையும் வாசன் மீதோ சுப்பு மீதோ போடமுடியாது. நூற்றாண்டுகளாக மக்களிடையே நிலவிய ஔவையைத்தான் அவர்கள் படமாக்கினர். ஆனால் சினிமா ஒரு கதையை எடுத்துக்கொண்டால் அதற்கு ஒரே முகத்தை அளித்துவிடுகிறது. 1968-ல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் ஔவைக்குச் சிலை எழுந்தது. அதை வழங்கியவரும் வாசனே. நின்றிருப்பது மூதாட்டி ஔவை. பள்ளி நாடகங்களில் நெல்லிக்கனியைப் பெறுபவளும் கோலூன்றிய கிழவியே. அதனால் அக்காட்சி மூதாட்டிக்கு அரசன் காட்டும் இரக்கமாகச் சுருங்கிவிட்டது. சமமான இரு மனிதர்களின் நட்பு என்னும் அதன் சாரம் மாணவர்களைச் சென்றடைவதில்லை.

பிற்கால வேடங்கள்

'ஔவையார்' படத்துக்குப் பின் சுந்தராம்பாளின் இடம் நிலைபெற்றது. 'பூம்புகார்' (1964) படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகளாக நடித்தார். பி. நீலகண்டன் இயக்கிய அப்படத்துக்கு வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. ஆழ்ந்த முருகபக்தையும் காங்கிரஸ்காரருமான நடிகை, பகுத்தறிவு இயக்க எழுத்தாளரின் சொற்களைப் பேசினார். அது பொருத்தமாகவே அமைந்தது. கண்ணகியோடும் கோவலனோடும் வழிநடக்கும் கவுந்தியில் அதிசயம் எதுவும் இல்லை. துணையும் அறிவுரையும் துயரமும் மட்டுமே உண்டு. சங்க ஔவையை நடித்திருந்தால் சுந்தராம்பாள் எப்படி இருந்திருப்பார் என்று ஊகிக்க இந்த வேடமே சிறந்த சான்று.

ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965), 'கந்தன் கருணை' (1967) ஆகியவற்றில் மீண்டும் ஔவையானார். சினங்கொண்டு சென்ற முருகனைச் சமாதானப்படுத்தும் காட்சியில் அவர் பாடுவது குறுகிய நேரமே. ஆயினும் படத்தின் மறக்கமுடியாத பகுதிகளில் ஒன்று அது. முருகன் கேள்வி கேட்க ஔவை விடைசொல்லும் காட்சி, ஸ்பெஷல் நாடகத்தின் தர்க்கப் பாட்டு திரைக்கு வந்த வடிவமே. எதிராளி கடவுளாயினும் அவர் குரல் கெஞ்சுவதில்லை, விடையளிக்கிறது. 'துணைவன்' (1969) படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். 1970-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

'காரைக்கால் அம்மையார்' (1973) படத்தில் இளமைப் பருவத்துப் புனிதவதியாக லட்சுமி நடித்தார். அழகையும் இளமையையும் துறந்து பேயுரு பெற்றபின் சுந்தராம்பாள் வருகிறார். 'ஔவையார்' படத்தின் அதே அமைப்பு இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் திரும்பியது. இளமையும் ஆசையும் இன்னொரு நடிகைக்கு. துறவுக்குப் பிந்தைய வாழ்வு மட்டும் சுந்தராம்பாளுக்கு. திரை அவரைக் காதலிக்கும் பெண்ணாக ஒருமுறைகூடக் காட்டவில்லை. வள்ளியாக அவர் மேடையில் பாடியதைக் கேட்ட தலைமுறையோடு அந்தச் சுந்தராம்பாள் மறைந்துவிட்டார்.

மதிப்பீடு

சுந்தராம்பாளின் நடிப்பைப் பற்றி இரண்டு வகைக் கருத்துகள் உண்டு. அவர் தெய்வீகக் கலைஞர், விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் என்பது ஒன்று. அவர் பாடகியே அன்றி நடிகை அல்ல, எல்லா வேடங்களிலும் ஒரேமாதிரியாகவே நின்றார் என்பது இன்னொன்று. இரண்டாவது கருத்தில் உண்மை உண்டு. அவரது முகபாவங்கள் குறைவு, உடலசைவு இன்னும் குறைவு. ஆனால் அவரது நடிப்பு நிகழும் இடம் குரல். ஒரு சொல்லைத் தொடங்கும் அழுத்தத்தில் கட்டளையும், அதை முடிக்கும் இறக்கத்தில் கனிவும் அவரிடம் உண்டு. அதைக் கேட்கத் தவறுபவருக்கு அவர் அசையாமல் நிற்பதாகவே தோன்றும்.

அவரது சாதனை சமூக வரலாற்றிலும் இடம்பெறுவது. மேடைப் பெண்ணை இழிவாகக் கண்ட ஒரு சமூகம், அந்த மேடையிலிருந்து வந்த கணவனை இழந்த பெண் ஒருவரைத் தன் பாட்டியாக, ஆசிரியையாக, அறத்தின் குரலாக ஏற்றுக்கொண்டது. சட்டமேலவையில் அவர் அமர்ந்தபோது அவருடன் பழைய நாடகக்காரிகளின் வரிசையே உள்ளே நுழைந்தது. அந்த ஏற்புக்கு நிபந்தனையாகத் தன் வாழ்வின் மிகச்செறிவான பகுதியைத் திரைக்கு வெளியே நிறுத்தவேண்டியிருந்தது. கலையில் தனக்கு நிகரான ஒருவரோடு பாடிய களிப்பும், அவரை இழந்த துயரும் அவரிடம் இருந்தன. தகடூர் ஔவையின் பாடல்களின் உள்ளடக்கமும் அவைதான்.

கிட்டப்பா கணவர், அதியமான் புரவலனும் நண்பனும். அந்த உறவுகள் ஒன்றல்ல. எனினும், பாட்டைக் கேட்கத் தெரிந்தவன் போனபின் பாடுபவரின் நாவில் என்ன நிகழ்கிறது என்பதைச் சுந்தராம்பாள் 25 வயதிலேயே அறிந்திருந்தார். 235-ஆம் பாடலை அவர் நடித்துப் பாடும் வாய்ப்பு அமைந்திருந்தால் தமிழ்த் திரைக்கு வேறொரு ஔவை கிடைத்திருப்பாள்.

'ஔவையார்' படத்தைப் பார்ப்பவர்கள் புறநானூற்றின் 89, 95, 206, 235 ஆகிய பாடல்களையும் உடன்வைத்து வாசிப்பது பயனளிக்கும். படத்தின் அற்புதங்கள் அப்போது சற்றுப் பின்னகரும். அரசர் முன் பாடும் சுந்தராம்பாளின் குரலில், அக்கதைகளுக்கெல்லாம் முந்தைய ஒரு விறலியின் நிமிர்வு கேட்கும்.